சம்பளமில்லாத தைரியம்

"ஓடினான்னு சொல்லாதே. விலகி நின்னான்னு சொல்லு."

சங்கையா மருமகளிடம் இதைச் சொன்னபோது, அவருடைய மகன் பாண்டீஸ்வரன் கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பொத்தானைத் தவறான துளையில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"விலகி நின்னவரு செருப்பு ஏன் மாமா ஒண்ணு ஓடைக்குள்ளயும் ஒண்ணு ஸ்டோர் வாசல்லயும் கெடந்துச்சு?" என்றாள் முருகேஸ்வரி.

"வேகமா விலகி நின்னுருப்பான்."

சாந்தன்பாறைக்கு மேலே அந்த ஏலக்காய் எஸ்டேட்டில் சங்கையா குடும்பத்துக்கு ஒரு பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் காய் எடுக்கப் போகும் பெண்களுக்கு முன்னால் நடந்த குடும்பம் அது. முன்னால் நடப்பது வெறும் மரியாதை அல்ல. அந்தக் காட்டில் யானை வரும். முன்னால் நடப்பவன்தான் அதை முதலில் பார்ப்பான். பார்த்ததும் நிற்க வேண்டும், பின்னால் வருபவர்களைக் கையசைத்து இறக்கிவிட வேண்டும், கடைசியாகத் தான் இறங்க வேண்டும். சங்கையா அப்படித்தான் செய்தார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் செய்தார்.

போன மழையில், சூப்பர்வைசர் பாண்டீஸ்வரன் முன்னால் நடந்துகொண்டிருந்தபோது ஏலச்செடிகளை விலக்கிக்கொண்டு ஒரு கொம்பன் யானை வந்தது. விசில் ஊதலாமா என்று அவன் யோசித்து முடித்தபோது காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் இருந்தான். காய் எடுக்க வந்த வேலுத்தாய்தான் மற்ற பெண்களைச் சத்தமில்லாமல் இறக்கிக் கூட்டி வந்தாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கீறல் விழுந்தது குடும்பத்தின் பெயருக்குத்தான்.

மறுநாளே வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்தவன், இப்போதுதான் மீண்டும் சட்டை போடுகிறான்.

காரணம் எஸ்டேட் மேனேஜர் சிவசங்கரி. மேல் டிவிஷனில் சூப்பர்வைசர் இடம் காலியாகியிருந்தது. அவர் கூப்பிட்டு அனுப்பி, நேராகவே பேசினார்.

"இடத்தை உங்களுக்குத் தரலாம் அண்ணே. ஆனா பொம்பளைங்க உங்க பின்னால வருவாங்களா? அதை விடுங்க, நீங்க முன்னால போவீங்களா?"

பாண்டீஸ்வரன் மேசையைப் பார்த்தான்.

"கொஞ்ச நாள் ஏதாவது சேவை பண்ணுங்க. நாலு பேருக்கு நடுவுல நின்னு வேலை பாருங்க. சம்பளம் வேணாம்னு சொல்ற ஆளை யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. நெஞ்சு நிமிரட்டும். தைப்பூசம் முடிஞ்சதும் பார்க்கலாம். அதுக்கு மேல இடத்தைக் காலியா வைக்க முடியாது."

சங்கையாவுக்கு இது பிடிக்கவில்லை. "சம்பளம் வாங்காம நம்ம வீட்டுல எவனும் வேலை பார்த்ததில்ல."

"இப்ப சம்பளமும் இல்ல, வேலையும் இல்ல மாமா. ஒண்ணாவது இருக்கட்டும்" என்றாள் முருகேஸ்வரி.

முதலில் பாலியேட்டிவ் பிரிவில் சேர்ந்தான். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்கு ஜீப்பில் போகும் நர்ஸ் மோனிஷாவுக்குப் பை தூக்க வேண்டும். வேறு பொறுப்பு இல்லை. யானை வராத வேலை.

முதல் வீட்டில் ஒரு பெரியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மாதக்கணக்கில் யாரோடும் பேசாதவர். பை வைக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினார். பாண்டீஸ்வரனைக் கூர்ந்து பார்த்தார்.

"நீ சங்கையா மவன்தானலே? அந்த ஓடுனவன்?"

"விலகி நின்னேன் தாத்தா."

பெரியவர் சிரிக்கத் தொடங்கினார். கட்டில் ஆடியது. சிரித்து முடித்ததும், பசிக்கிறது என்று கஞ்சி கேட்டார். வீட்டார் அழுதார்கள். மோனிஷா மலைத்துப்போய் நின்றாள்.

"அண்ணே, இந்த வீட்டுக்கு நான் எவ்வளவு மருந்து கொண்டாந்திருக்கேன்! நீங்க ஒரு வார்த்தைதான் சொன்னீங்க. நாளைக்கும் வந்து அதையே சொல்லுங்க."

செய்தி பரவியது. வார முடிவில், தலை தூக்காதவர்கள் எல்லாம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு அம்மா, ஓடைக்குள் விழுந்தது இடது காலா வலது காலா என்று விவரம் கேட்டார். நோயாளிகள் தேறி வந்தார்கள். வாலண்டியர்தான் இளைத்துப்போனான்.

"இனிமே என்னால முடியாது" என்றான் மனைவியிடம். "ஆளுங்க முகத்தைப் பார்க்காத சேவை ஏதாவது இருந்தா சொல்லு."

அப்படி ஒன்று இருந்தது. யானை எங்கே நிற்கிறது என்று ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் எச்சரிக்கும் வாட்ஸ்அப் குழு. காலையில் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்து மேட்டில் நின்று மலையைப் பார்த்து, யானை தெரிந்தால் செய்தி போட வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் போதும். தூரம் என்ற சொல்லே அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

முதல் நாள், மேல் டிவிஷனில் ஒற்றை யானை என்று செய்தி போட்டான். வேலை நின்றது. பனி விலகியபோது அது மழையில் நனைந்த பாறை. அடுத்த முறை, பூப்பாறை வளைவில் யானை வழிமறித்து நிற்கிறது என்றான். பஸ் நின்றது. அது தார்ப்பாய் போர்த்திய லாரி. மூன்றாவது செய்தி, ஆபீஸ் வாசலில் தாயும் குட்டியும். காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மத்தியானச் சமையலைப் பார்த்தார்கள்.

"இந்த அண்ணன் நூறு வருஷம் நல்லாருக்கணும்டி" என்றாள் வேலுத்தாய். "கொடி ஏத்தாமலே லீவு விடுதாரு."

சிவசங்கரி போன் செய்தார்.

"அண்ணே, அந்தத் தாய் என் புது கார். குட்டி எங்க கிளர்க்கோட ஸ்கூட்டர்."

"பனி மேடம்…"

"பனி எல்லாருக்கும்தான் விழுது. உங்களுக்கு மட்டும் ஏன் அதுக்கு தும்பிக்கை முளைக்குது?"

அன்று சங்கையா சாப்பிடவில்லை. "ஓடினவன்னு ஒரு பேரு இருந்துச்சு. இப்ப ஒக்காந்த எடத்துலயே ஓடுறவன்னு ஆகிப்போச்சு" என்று சுவரிடம் சொன்னார்.

தைப்பூசம் நெருங்கியது. எஸ்டேட் முருகன் கோயில் கமிட்டித் தலைவர் தவசிக்கண்ணு அந்த வருஷம் ஊரையே வாய் பிளக்க வைக்கும் ஏற்பாடு ஒன்று செய்திருந்தார். ஊர்வலத்துக்கு இயந்திர யானை. இரும்பு எலும்பு, ரப்பர் தோல், உள்ளே மோட்டார். தீனி வேண்டாம், பாகன் வேண்டாம், மதம் பிடிக்காது. கீழ்நாட்டுக் கோயில்களில் எல்லாம் வந்துவிட்டது. மலைக்கு இதுதான் முதல் தடவை. அதன் வீடியோவைத் தவசிக்கண்ணு கைப்பேசியில் காட்டியபோது, நேரில் நிஜ யானை பார்த்தே வளர்ந்த அந்த ஊர், ஒரு சாண் யானையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

முருகேஸ்வரி உடனே கமிட்டிக்குப் போனாள். திரும்பி வந்து கணவனிடம் சொன்னாள்.

"ஊர்வலம் முடியிற வரைக்கும் அந்த யானை பக்கத்துல நிக்க ஒரு வாலண்டியர் வேணுமாம். உங்க பேரைக் குடுத்துட்டேன்."

"முருகேசு!"

"ரப்பருங்க. மேடம் வருவாங்க, மலை வேலைக்காரங்க மொத்தமும் வருவாங்க. எல்லாரு கண்ணுலயும் நீங்க ஒரு யானை பக்கத்துல நிக்கிற காட்சி விழணும். உங்க காலும் பழகும். கால் பழகினா மனசு பின்னால வரும்."

"அன்னைக்கும் கால் முன்னால போயி மனசு பின்னாலதான் வந்துச்சு. அதுதானே பிரச்சனை."

"ரப்பரைப் பார்த்து ஓடினாலும் ஓட்டம் ஓட்டம்தான்" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னார் சங்கையா. "ஓடினா இந்த வாசப்படிய மிதிக்காதே."

இயந்திர யானையை இயக்குபவன் ரிஞ்சு என்ற மலையாளப் பையன். பாண்டீஸ்வரன் அவனுக்குப் போன் செய்து, அது எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டான்.

"சேட்டா, பேடிக்க வேண்டா, பயமே வேண்டாம். இது புது மாடல். கண்ணு சிமிட்டும், காது ஆட்டும், மூச்சும் விடும். தொட்டுப் பார்த்தாலும் மெஷின்னு மனசிலாகாது. ரிமோட் என் கையில. ஆளுங்க கண்ணுல படாம தள்ளி நின்னு இயக்குவேன், அப்பத்தான் பார்க்க ஒரிஜினல் மாதிரி இருக்கும்."

"எங்க நிறுத்துவீங்க?"

"கோயிலுக்குக் கீழ கிரவுண்டுல. சாயங்காலம் ஊர்வலத்துக்கு முன்னாடி கொண்டாந்துடுவேன்."

பூசத்தன்று மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கியது. மலை இருந்த இடத்தில் வெள்ளை மட்டும் இருந்தது. கஞ்சி போட்ட வேட்டியில் பாண்டீஸ்வரன் எல்லோருக்கும் முந்தி மைதானத்துக்குப் போனான். யாரும் பார்ப்பதற்குள் பயந்து முடித்துவிட வேண்டும் என்பது அவன் திட்டம்.

பிரசாத வாழைத்தார்கள் அடுக்கிய பந்தலுக்குப் பக்கத்தில் அது நின்றது.

வீடியோவில் பார்த்தது பொய். இது பனிக்குள் பாதி கரைந்து, பாதி உருவாகி, ஒரு மலை நகர்ந்து வந்து நின்றதுபோல் இருந்தது. நெற்றிப்பட்டம் இன்னும் கட்டவில்லை. கயிறும் கட்டவில்லை. தோலில் காய்ந்த சேறு பூசியிருந்தார்கள். ஒரு கொம்பை மற்றதைவிடக் குட்டையாக வைத்திருந்தார்கள். காது மெல்ல அசைந்தது. அந்தக் காற்றில் அவன் துண்டின் நுனி ஆடியது.

கால்கள் திரும்பிவிட்டன. அவன் கால்களைப் பார்த்துப் பேசினான். "இரும்பு. ரப்பர். மோட்டார். கரண்டு." ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி வைத்தான். நான்கு சொல்லையும் திரும்பத் திரும்பச் சொல்லித் தும்பிக்கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டான்.

கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தான்.

சூடாக இருந்தது. மோட்டார் ஓடினால் சூடாகத்தானே செய்யும்? கம்பிபோல் முடிகள் குத்தின. ஒவ்வொரு முடியையும் யாரோ உட்கார்ந்து நட்டிருக்கிறார்கள். அவனுக்குக் கண்ணில் நீர் வந்தது. மனிதனின் கைவேலை எவ்வளவு பெரியது! தும்பிக்கை நுனி அவன் மார்பை முகர்ந்து, தோளைத் தொட்டு, முகத்தில் வெதுவெதுப்பாக ஊதியது. பச்சைப் புல் வாசனை. வாசனைக்குக்கூட ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

கண்ணைத் திறந்தான். அதன் கண்ணுக்குள் குட்டியாக ஒரு பாண்டீஸ்வரன் நின்றிருந்தான். அவன் ஓடவில்லை.

"உன்னை மாதிரி ஒண்ணைப் பார்த்துத்தான் அன்னைக்கு ஓடினேன்" என்றான் அதனிடம். 'விலகி நின்றேன்' என்று சொல்லத் தோன்றவில்லை. "பின்னால பொம்பளைங்க வந்தாங்க. எனக்கு அவங்க ஞாபகமே வரல. அதுக்கப்புறம் தினமும் வருது."

இயந்திரம் நீளமாக மூச்சு விட்டது. பிறகு தும்பிக்கையை நீட்டிப் பந்தலிலிருந்து ஒரு வாழைத்தாரை எடுத்தது.

பாண்டீஸ்வரன் திடுக்கிட்டான். வாழைத்தார் எடுக்கும் என்று ரிஞ்சு சொல்லவே இல்லையே. இதற்குத் தனியாக வாடகை கேட்பானோ? அதைவிட, பூசைக்கு வைத்த பழம். கோயில் பொருளில் கை வைக்க மெஷினுக்கு மட்டும் என்ன உரிமை?

"வைடா கீழ!" என்று தும்பிக்கையில் ஓர் அறை விட்டான். "சாமிக்கு வச்சது! ரிஞ்சு, விளையாடாதே, ரிமோட்டை ஒழுங்கா அமுக்கு!"

அந்தப் பெரிய தலை அப்படியே நின்றது. கண் ஒருமுறை சிமிட்டியது. பனியில் எங்கோ இருந்த ரிஞ்சு பொத்தானை மாற்றிவிட்டான்போலும். வாழைத்தார் மெதுவாகக் கீழே வைக்கப்பட்டது.

அப்போதுதான் பால்குடத்தோடு பெண்கள் படியேறி வந்தார்கள். பனிக்குள் கறுப்பாக அது தெரிந்ததும் வரிசை சட்டென்று நின்றது. பாதிக் குடங்கள் தளும்பின.

வேலுத்தாய் முன்னால் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அடுத்த நொடி சிரித்துவிட்டாள்.

"ஏளா, பயப்படாதீங்க. பக்கத்துல பாண்டீஸ்வரண்ணன் நிக்கிறாரு பாருங்க. அப்ப அது மெஷினுதான்."

இதைவிடப் பெரிய அத்தாட்சி அந்த மலையில் யாருக்கும் தேவைப்படவில்லை. வரிசை நகர்ந்தது. சிலர் குடத்தை இறக்கி வைத்துக் கும்பிட்டார்கள்.

"எம்மாடி, கண்ணோரத்துல ஈரம் வைச்சிருக்கான்!"

"வயித்துக்குள்ள கடமுடன்னு சத்தம்கூடக் கேக்குது."

"கம்ப்யூட்டருடி. உள்ள எல்லாம் கம்ப்யூட்டரு."

லயத்து நாய்கள் பந்தலுக்கு அடியில் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துக்கொண்டன. நாயையே ஏமாற்றுகிற மெஷின் என்று தவசிக்கண்ணு பெருமையோடு எல்லோருக்கும் காட்டினார். வேலுத்தாய் மட்டும் துணிந்து, விரல் நுனியில் சந்தனம் எடுத்துத் தும்பிக்கையில் ஒரு பொட்டு வைத்துவிட்டுத் துள்ளிப் பின்வாங்கினாள். பாண்டீஸ்வரன் அவளுக்கும் யானைக்கும் நடுவில் தானாகவே ஓர் அடி எடுத்து வைத்தான். ஏன் வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. கால்தான் வைத்தது.

மேனேஜர் சிவசங்கரி படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசியை எடுத்தவர், படம் எடுக்க மறந்துபோனார்.

கூட்டத்தின் ஓரத்தில் சங்கையா வந்து நின்றார். எந்தத் துரைக்கும் மேனேஜருக்கும் இறங்காத அவருடைய தோள்துண்டு இடுப்புக்கு இறங்கியது. குட்டைக் கொம்பைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், இரண்டு கைகளையும் குவித்தார். அப்பா போயும் போயும் ஒரு மெஷினைக் கும்பிடுகிறாரே என்று மகனுக்குச் சங்கடமாக இருந்தது.

"ரிஞ்சு!" என்று பனியைப் பார்த்துக் கத்தினான். "ஊர்வலத்துக்கு நேரம் இருக்கு. கரண்டை வீணாக்காதே. ஓரமாக் கொண்டுபோய் நிறுத்து!"

தும்பிக்கையில் ஒரு தட்டுத் தட்டி, ஏலக்காட்டுப் பக்கம் கை காட்டினான்.

அது அவனை ஒரு கணம் பார்த்தது. பிறகு திரும்பியது. அவ்வளவு பெரிய உடம்பு, சருகு மிதிபடும் சத்தம்கூட இல்லாமல், பனிக்குள் பனியாகப் போய் மறைந்தது. மைதானமே கைதட்டியது.

"மோட்டார் சத்தம் கேட்டுச்சா யாருக்காவது?" என்றார் தவசிக்கண்ணு மெய்சிலிர்த்து. "காசு எங்கயும் போகலய்யா!"

சிவசங்கரி இறங்கி வந்தார். "மெஷின்தான்னு தெரியும் அண்ணே. ஆனா நீங்க நின்ன விதம் மெஷின் இல்ல. அவங்களைப் பின்னால விட்டு நீங்க முன்னால வந்தீங்க. அதைத்தான் பார்க்கணும்னு இருந்தேன்." வேலுத்தாயிடம் திரும்பினார். "என்ன சொல்றீங்க? இவரு பின்னால போவீங்களா?"

வேலுத்தாய் முந்தானையைச் செருகிக்கொண்டு யோசித்தாள்.

"ரப்பரானாலும் ஆனை ஆனைதான் மேடம். எங்களுக்கே ஈரக்கொலை நடுங்கிருச்சு, இந்த மனுசன் அதைத் தட்டி அனுப்புனாருல்ல. போறோம். ஒரே ஒரு கண்டிசன்."

"என்ன?"

"அடுத்த தடவ ஓடுனா, சொல்லிட்டு ஓடணும்."

கூட்டம் சிரித்தது. பாண்டீஸ்வரனும் சிரித்தான். அந்த மழைக்குப் பிறகு, அந்தச் சிரிப்பில் அவனும் கலந்துகொண்டது இதுதான் முதல் தடவை.

"திங்கக்கிழமை மேல் டிவிஷனுக்கு வந்துடுங்க" என்றார் சிவசங்கரி.

சங்கையா மகனிடம் வந்தார். அவன் தோளில் கை வைத்தார்.

"இன்னைக்கு நம்ம குடும்பம் நின்னுச்சுலே."

"ரப்பருப்பா அது. அதுகிட்ட நின்னது ஒரு பெருமையா?"

அவர் பனி மூடிய ஏலக்காட்டைத் திரும்பிப் பார்த்தார். மகன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

அப்போது ஒரு ஆட்டோ சேறு தெறிக்க மைதானத்துக்குள் வந்து நின்றது. ரிமோட்டைக் கழுத்தில் மாட்டியிருந்த ஒரு பையன் குதித்து இறங்கி, கும்பிட்டுக்கொண்டே ஓடி வந்தான்.

"சேட்டா, க்ஷமிக்கணும், லாரி பழுதாயி எங்க ஆனை இன்னும் பூப்பாறையில தார்ப்பாய்க்கு அடியில கெடக்கு, போன் பண்ண ரேஞ்சும் இல்ல… வர்ற வழியில ஃபாரஸ்ட் வாட்சருங்க நிறுத்தி, ஒரு குட்டைக் கொம்பன் இந்தப் பக்கம் இறங்கியிருக்குன்னு சொன்னாங்க, இங்க யாரும் பார்க்கலையே?"